கார்டிசால் குற்றவாளி அல்ல

காலையில் வெறும் வயிற்றில் காபி குடித்தால் கார்டிசால் ஏறும். முகம் உப்பியிருந்தால் அது கார்டிசால் முகம். இடுப்பில் சதை போட்டால் அது கார்டிசால் தொப்பை. இரவில் தூக்கம் வராவிட்டால் அதற்கும் கார்டிசால்தான் காரணம். கைப்பேசியைத் திறந்தால் இப்படி ஓர் எச்சரிக்கை கண்ணில் படாத நாளில்லை. அந்த எச்சரிக்கைக்கு அடியிலேயே கார்டிசாலைக் குறைப்பதாகச் சொல்லும் பொடியும் மாத்திரையும் மூலிகைத் தேநீரும் விற்பனைக்கு நிற்கின்றன. படித்தவர்களும் ஏற்றுக்கொண்டுவிட்ட ஒரு கருத்து இந்த வியாபாரத்தைத் தாங்கி நிற்கிறது. காட்டு விலங்குக்குப் பயந்து ஓடிய காலத்தில் மனித உடம்புக்குத் தேவைப்பட்ட ஏற்பாடு இன்றைக்குத் தேவையற்றதாகிவிட்டது, அழுத்த ஹார்மோன்கள் உடம்பு தனக்குத்தானே ஊற்றிக்கொள்ளும் விஷம், அவற்றை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு ஆரோக்கியம் என்பதே அந்தக் கருத்து. இது தவறு. உடலியலும் 170 ஆண்டு மருத்துவ வரலாறும் இதற்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன. நோயின் உண்மையான காரணங்களிலிருந்து நம் கண்ணைத் திருப்பிவிடும் தவறு என்பதால், இதைக் கண்டும் காணாமல் விடுவதற்கில்லை.

இந்த ஹார்மோன்கள் என்ன செய்கின்றன என்பதை முதலில் பார்ப்போம். ஒருவர் சாலையைக் கடக்க இறங்குகிறார். வளைவில் திரும்பிய லாரி அவரை நோக்கி வருகிறது. வருவது லாரி என்று அவர் மனதில் பதிவதற்கு முன்பே மூளையின் அமிக்டலா ஹைப்போதலாமஸுக்குச் செய்தி அனுப்பிவிடுகிறது. அங்கிருந்து நரம்பு வழியாக இறங்கும் கட்டளை, சிறுநீரகங்களின் உச்சியில் ஒட்டியிருக்கும் அட்ரீனல் சுரப்பிகளின் உட்பகுதியை எட்டுகிறது. நான்கைந்து கிராம் எடையே உள்ள அந்தச் சுரப்பிகள் ரத்தத்தில் அட்ரினலினைக் கலக்கின்றன. சில விநாடிகளில் இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கிறது. மூச்சுக்குழல்கள் விரிகின்றன. கல்லீரல், சேமித்து வைத்திருந்த கிளைக்கோஜனை உடைத்துச் சர்க்கரையாக ரத்தத்தில் விடுகிறது. தோலுக்கும் குடலுக்கும் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கால் தசைகளுக்குப் போகும் குழாய்கள் விரிகின்றன. கண்ணின் பாவை அகலமாகிறது. காயம் பட்டால் இழப்பு குறைவாக இருக்கும்படி ரத்தம் உறையும் தன்மைகூடக் கூடுகிறது. வாய் உலர்ந்ததும், வயிற்றைப் பிசைந்ததும், உள்ளங்கை சில்லிட்டதும் அவருக்குப் பிறகுதான் தெரியும். அதற்குள் அவர் பின்னால் தாவிவிட்டார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன், பூனைகளின் செரிமானத்தை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டிருந்தபோது, பூனை மிரண்டால் அதன் வயிற்றின் அசைவு நின்றுபோவதைக் கண்டார். அதிலிருந்து தொடங்கி, அச்சத்திலும் சினத்திலும் உடம்பில் நேரும் மாற்றங்கள் ஒவ்வொன்றும் போராடவோ தப்பி ஓடவோ உதவுபவை என்று 1915இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். கோளாறு என்று நாம் அஞ்சும் படபடப்பு, உயிரைக் காக்கும் வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதன் அடையாளம்.

அட்ரினலின் ரத்தத்தில் தங்குவது இரண்டு மூன்று நிமிடம்தான். அதற்குப் பிறகான பொறுப்பு கார்டிசாலுடையது. ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்ப, அட்ரீனலின் புறப்பகுதி கார்டிசாலைச் சுரக்கிறது. அது உச்சத்தை எட்ட இருபது, முப்பது நிமிடம் ஆகும். லாரியிடமிருந்து விலக அது உதவாது. அடிபட்டுக் கிடந்தால் உயிர் தங்க உதவும். சாப்பாடு இறங்காத நேரத்தில் கல்லீரலைப் புதிதாகச் சர்க்கரை தயாரிக்க வைப்பது கார்டிசால். அட்ரினலின் இடும் கட்டளைக்கு ரத்தக் குழாய்கள் கீழ்ப்படியும்படி வைத்திருப்பதும் அதுதான். அது இல்லாவிட்டால் எவ்வளவு அட்ரினலின் சுரந்தாலும் ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போகும். வேலை முடிந்ததும் போதும் என்று மூளைக்குத் தெரிவித்துத் தன் சுரப்பைத் தானே குறைத்துக்கொள்வதும் அதன் இயல்பு. ஆபத்து இல்லாத நாளிலும் அது சும்மா இருப்பதில்லை. நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தில் இருக்கும் கார்டிசால் விடியலுக்கு முன்பே ஏறத் தொடங்கி, கண் விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சத்துக்கு வருகிறது. படுக்கையைவிட்டு எழுந்து நடக்கத் தேவையான தெம்பு நமக்கு அதனால் கிடைக்கிறது. காலையில் கார்டிசால் ஏறுகிறது என்று பயமுறுத்துபவர்கள், உடம்பின் நலமான ஒழுங்கையே நோயாகக் காட்டுகிறார்கள்.

கார்டிசால் விஷம் என்பது உண்மையானால், அது இல்லாத உடம்பு நம்மைவிட நலமாக இருக்க வேண்டும். அந்தச் சோதனையை இயற்கையே செய்து காட்டியிருக்கிறது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் அடிசன், 1855இல் வெளியிட்ட சிறு நூலில் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார். நாளுக்கு நாள் கூடும் அசதி, நலிந்த நாடி, வாந்தி, கறுத்துப்போன தோல் ஆகியவற்றோடு மெலிந்து இறந்தவர்களின் அட்ரீனல் சுரப்பிகள் சிதைந்திருந்தன. பலருக்கு அதற்குக் காரணம் காசநோய். மறு ஆண்டே உடலியலாளர் பிரௌன் சேகார் விலங்குகளின் அட்ரீனல்களை அகற்றிப் பார்த்தார், அவை பிழைக்கவில்லை. அடிசன் நோய் கண்டவர்களுக்கு அடுத்த 90 ஆண்டுகள் மருத்துவத்தால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. அவர்கள் இன்று முழு ஆயுள் வாழ முடிகிறதென்றால், நாள்தோறும் விழுங்கும் 15 முதல் 25 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரைதான் காரணம். அந்த மாத்திரையில் இருப்பது வேறெதுவும் இல்லை, கார்டிசாலேதான்.

அந்த நோயாளிகளிடம் மருத்துவர்கள் சொல்லியனுப்பும் இன்னொரு விதியும் உண்டு. காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால், விபத்தில் அடிபட்டால், அறுவை சிகிச்சைக்குப் போனால், 100 மில்லிகிராம் ஊசியாகப் போட வேண்டும். தவறினால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். மற்றவர்களுக்கு இந்தக் கூடுதல் அளவை அட்ரீனல் கேட்காமலேயே கொடுத்துவிடுகிறது என்பதால் அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடிக்கும் அடிசன் நோய் இருந்தது. 1954இல் அவருடைய முதுகெலும்பில் அறுவை நடந்தபோது இந்த ஹார்மோனை வெளியிலிருந்து அளவறிந்து கொடுத்துக்கொண்டே செய்ய வேண்டியிருந்தது. பெயரைச் சொல்லாமல் மறு ஆண்டு மருத்துவ இதழில் அது பதிவானது. இங்கே கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. இரு அட்ரீனல்களையும் இழந்தவர்களுக்கு அட்ரினலினை யாரும் தினமும் கொடுப்பதில்லை. நரம்புகளே ஓரளவு அதை ஈடுகட்டிவிடுகின்றன. கார்டிசால் இல்லாமல் மட்டும் முடியாது. மக்கள் பேச்சில் அட்ரினலின் வீரத்தின் பெயராகவும் கார்டிசால் வில்லனாகவும் ஆகியிருக்கிறது. உயிரைத் தாங்கி நிற்பது அந்த ‘வில்லன்’தான்.

கார்டிசால் நோய் எதிர்ப்பு ஆற்றலை அடக்கிவிடுகிறதே, அது தீமைதானே என்று கேட்பார்கள். அடக்குகிறது என்பது மெய். ஏன் அடக்குகிறது என்று கேட்க வேண்டும். ஆலன் மங்க் என்ற அமெரிக்க உடலியலாளர் 1984இல் அதற்கு ஒரு விடை சொன்னார்: தொற்றுக்கும் காயத்துக்கும் எதிராக உடம்பு எழுப்பும் படை கட்டுமீறிப்போய் உடம்பையே அழித்துவிடாமல் தடுப்பதுதான் கார்டிசாலின் பணி. கொரோனா காலம் இதை உலகுக்கே காட்டியது. 2020இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில், கார்டிசாலின் செயற்கை உறவான டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு வெறும் 6 மில்லிகிராம் கொடுத்தபோது, வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. மறு ஆண்டு இந்தியாவில் தேவையற்றவர்களுக்கும் தேவைக்கு மேலும் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டபோது, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத உடம்புகளில் கருப்புப் பூஞ்சை பரவியதையும் பார்த்தோம். உயிர் காத்ததும் உயிர் பறிக்க வழிவிட்டதும் ஒரே குடும்பத்து மருந்துதான். வேறுபட்டவை அளவும் வேளையும். நம் உடம்பு அந்த அளவையும் வேளையையும் நிமிடத்துக்கு நிமிடம் கணக்கிட்டுச் சுரக்கிறது. எலிகளில் நடந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஆய்வாளர்கள் ஃபிர்தௌஸ் தாபரும் புரூஸ் மெக்யூவனும் எலிகளைச் சிறிது நேரம் அழுத்தத்துக்கு உள்ளாக்கியபோது தோலின் நோய் எதிர்ப்பு வினை கூடியது. அதே அழுத்தம் வாரக்கணக்கில் நீண்டபோது குறைந்தது.

எதிர்த்தரப்பின் பெரிய சாட்சி ஹான்ஸ் செலி. மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர், 1936இல் நேச்சர் இதழில் எழுதிய சிறு கடிதத்தில், எலிகளை எந்த வகையில் துன்புறுத்தினாலும் அட்ரீனல் வீங்குவதையும், தைமஸ் சுரப்பி சுருங்குவதையும், இரைப்பையில் புண் விழுவதையும் காட்டினார். அழுத்தம் கொல்லும் என்ற இன்றைய நம்பிக்கையின் வேர் அங்கே இருக்கிறது. ஆனால் அந்த எலிகள் பட்ட துன்பம் எத்தகையது? கடுங்குளிர், அறுவைக் காயம், துவண்டு விழும்வரை உடலுழைப்பு, சாவின் விளிம்புவரை கொண்டுபோகும் அளவில் மருந்து. தேர்வுக்கு முந்தைய இரவின் படபடப்பை அதோடு சேர்த்துப் பேசுவது நியாயம் ஆகாது. பின்னாளில் செலியே நன்மை தரும் அழுத்தம், தீமை தரும் அழுத்தம் என்று பிரித்துப் பேசினார். இரைப்பைப் புண் கதை முடிந்த விதமும் நமக்கொரு பாடம். பல பத்தாண்டுகளாகக் கவலையும் டென்ஷனுமே அல்சருக்குக் காரணம் என்று மருத்துவர்களே நோயாளிகளிடம் சொல்லிவந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் பெரும்பாலான புண்களுக்குப் பின்னால் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இருப்பதைக் காட்டினார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதுவரை ‘கவலைப்படாதீர்கள்’ என்ற அறிவுரையோடு அனுப்பப்பட்டவர்களில் எத்தனையோ பேருக்குத் தேவைப்பட்டது இரண்டு வார ஆன்டிபயாடிக்தான்.

அழுத்தத்தின்மேல் பழி போடுவதால் யாருக்கு லாபம் என்பதற்கும் செலியின் வாழ்க்கையிலேயே சான்று கிடைக்கிறது. புகையிலை நிறுவனங்கள் அவருடைய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தன. இதய நோய்க்குச் சிகரெட்டைவிட மன அழுத்தமே பெரிய காரணம் என்ற வாதத்துக்கு அவருடைய பெயரைப் பயன்படுத்திக்கொண்டன. 1969இல் கனடா நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குழு முன்னால் புகையிலைக் கட்டுப்பாடுகளுக்கு எதிராக அவர் பேசினார். வெளியே நின்ற குற்றவாளியைக் காப்பாற்ற உள்ளே இருந்த ஹார்மோனைக் காட்டிக்கொடுத்த கதை இது. இன்றைய கார்டிசால் பயமும் அதே வேலையைத்தான் செய்கிறது.

அடுத்த ஆட்சேபம் பலரைக் கவர்வது. இந்த ஏற்பாடு காட்டுக்குப் பொருந்தும், கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பொருந்தாது என்கிறார்கள். நம் காலத்தில் ஆபத்துகள் ஒழிந்துவிட்டன என்று நினைத்தால்தான் இது சரியாகும். பிரசவம், சாலை விபத்து, மாரடைப்பு, டெங்கு, பாம்புக்கடி எல்லாம் இன்றைக்கும் இருக்கின்றன. அங்கெல்லாம் முதல் உதவி உடம்புக்குள்ளிருந்தே வருகிறது. ஒவ்வாமை அதிர்ச்சியில் தொண்டை அடைத்து ரத்த அழுத்தம் சரிந்தவருக்கு, தொடையின் வெளிப்புறத் தசையில் அரை மில்லிகிராம் அட்ரினலின் போடுவதை மிஞ்சிய முதலுதவி இன்றுவரை இல்லை. குறைமாதத்தில் பிரசவ வலி வந்த தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் மூச்சுக்குத் தயாராகிறது என்று நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும் 1972இல் காட்டினார்கள். நிறைமாதக் குழந்தைக்கு அந்த வேலையைச் செய்வது அதன் சொந்தக் கார்டிசால். கருவறையைவிட்டு வெளியே வர நம்மைத் தயார்படுத்தியதே இந்த ஹார்மோன்தான். மனத்தின் விஷயத்திலும் கதை நாம் நினைப்பது போல நேராக இல்லை. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பு உள்ள பலரிடம் கார்டிசால் மிகுந்திருக்கும் என்று எதிர்பார்த்து ஆராய்ந்தபோது, இயல்பைவிடக் குறைவாக இருக்கக் கண்டார்கள். கார்டிசாலின் அளவை வைத்தே ஒருவருடைய துன்பத்தை அளந்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு அந்தக் கண்டுபிடிப்பு இடம் தரவில்லை.

கார்டிசால் கெடுதல் என்பதற்குச் சான்றாகக் குஷிங் நோயைக் காட்டுவார்கள். ஹார்வி குஷிங் 1932இல் விவரித்த அந்த நோயில் முகம் வட்டமாக உப்புவதும், வயிற்றில் சதை போடுவதும், எலும்பு தேய்வதும் உண்மை. ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் பிட்யூட்டரியிலோ அட்ரீனலிலோ வளரும் கட்டி. அது அரிய நோய். அதைவிடப் பரவலாக அதே அடையாளங்களைக் கொண்டுவருவது வெளியிலிருந்து நாள்பட உட்கொள்ளும் ஸ்டீராய்டு. அலுவலக நெருக்கடியால் யாருக்கும் அப்படி முகம் உப்புவதில்லை. குஷிங் நோயாளிகளுக்குக் கார்டிசாலைக் குறைக்கும் மருந்து கொடுக்கும்போதுகூட, அளவு மிஞ்சி அட்ரீனல் நெருக்கடி வந்துவிடக் கூடாதே என்று மருத்துவர்கள் கவனத்துடன் இருக்கிறார்கள். அதற்கு எதிர்முனையில், அழுத்தத்தால் அட்ரீனல் ‘களைத்துப்போகிறது’ என்று சொல்லி விற்கும் இன்னொரு கூட்டமும் உண்டு. பிரேசில் ஆய்வாளர்கள் இருவர் 58 ஆய்வுகளை அலசி, அப்படி ஒரு நோய் இல்லை என்று 2016இல் எழுதினார்கள். அமெரிக்காவில் அட்ரீனலுக்கு ஊட்டம் என்று விற்கப்பட்ட 12 மாத்திரைகளைச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வில், எல்லாவற்றிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது. ஏழில் ஸ்டீராய்டும் இருந்தது. நம் ஊரிலும் மூட்டுவலிக்கும், உடம்பு தேறுவதற்கும், முகம் வெளுப்பதற்கும் என்று சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரையிலும் களிம்பிலும் ஸ்டீராய்டு இருப்பதுண்டு. மாதக்கணக்கில் அதை எடுத்துக்கொண்டால் சொந்த அட்ரீனல் சுரப்பதை நிறுத்திக்கொள்கிறது. ஒருநாள் திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் அடிசன் கண்ட அதே நிலைமை வந்து சேர்கிறது. கார்டிசாலைப் பற்றி மக்களிடம் எச்சரிக்க வேண்டியது இதைத்தான்.

அப்படியானால் நீண்ட நாள் அழுத்தம் உடம்பைக் கெடுப்பதில்லையா என்றால், கெடுக்கிறது. அதை மறுப்பது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை. ஓயாமல் இயங்கும் தற்காப்பு உடம்பைத் தேய்க்கிறது என்பதை மெக்யூவன் 1993 முதல் விளக்கிவந்தார். கேள்வி, எதைத் திருத்துவது என்பதுதான். பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு உயர் அதிகாரிகளுடையதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் பெரும்பகுதி இடைவெளி அப்படியே நின்றது. 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தன் வேலையின் வேகத்தையும் முறையையும் தான் தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வருவதைக் காட்டியது. பெரிய பொறுப்பில் இருப்பவர்தான் டென்ஷனில் சாகிறார் என்ற எண்ணத்தை அது புரட்டிப்போட்டது. தேய்வது, பிறர் சொல்லுக்கு நாளெல்லாம் காத்துக் கிடப்பவரின் இதயம். அவரிடம் போய்க் கார்டிசாலைக் குறையுங்கள் என்று சொல்வது, திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது குரைக்கும் நாயின் வாயைக் கட்டுவதாகும்.

மூச்சுப் பயிற்சியும் நடையும் தூக்கமும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவை நல்லவை, காசும் ஆவதில்லை. ஆனால் அவற்றால் மட்டும் தீராத காரணங்கள் வெளியே இருக்கின்றன. கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் செய்தது. அது இதயத்துக்கும் நல்ல சட்டம். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் திரும்பப் பெறப்பட்டது. அதுவும் உடல்நலத்துக்குக் கிடைத்த வெற்றி. கடன், முறையற்ற ஷிப்டு, அவமதிக்கும் மேலாளர், ஓய்வில்லாத வீட்டு வேலை ஆகியவற்றின் விளைவு ரத்தத்தில் தெரிகிறது என்பதற்காக ரத்தத்தைக் குற்றம் சொல்லக் கூடாது. நாள்பட்ட அசதி, மெலிவு, எழுந்தால் தலைசுற்றல், கறுக்கும் தோல் இருப்பவர்கள் மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருப்பவர்கள் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். மற்றவர்கள் கார்டிசால் பொடிக்குச் செலவழிக்கும் பணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் பற்றிக் கேள்வி கேளுங்கள்.